இரத்தமும் உப்பும்: யூத சமையலறையில் நியாயப்பிரமாணம்

லேவியராகமத்து உணவு விதிகளைப் பிரசங்கிக்க நேரும்போது, அவை பண்டைக் காலத்துச் சுகாதார விதிகளே என்று கூறி நம்மில் பலர் அமைதியடைகிறோம். எளிய விளக்கந்தான். ஆயினும், யூத இல்லத்தில் இறைச்சி அடுப்பேறுமுன் நிகழ்வதை அறிந்தவருக்கு இது போதாது.

விலங்கை அறுப்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவர். அவரது கத்தியின் கூரில் சிறு பழுதும் இருத்தலாகாது. அறுத்து இரத்தம் வடிந்து, விலக்கப்பட்ட கொழுப்பும் (லேவி. 7:23) தொடைச்சந்து நரம்பும் (ஆதி. 32:32) நீக்கப்பட்டபின்னும் இறைச்சி சமையலுக்கு ஆயத்தமாவதில்லை. அதனை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, எல்லாப் பக்கங்களிலும் உப்புத் தூவி, சாய்ந்த பலகையிலோ துளையுள்ள தட்டிலோ ஒரு மணி நேரம் வைத்து, பின்னர் மும்முறை அலசுகின்றனர். பொடியுப்பு விரைவில் கரைந்துவிடும். பெரும் பரல்களோ உருண்டு விழும். ஆகவே நடுத்தரமான உப்பே ஏற்றது. ஈரலில் இரத்தம் மிகுதியாதலால் அதற்கு உப்பிடல் போதாது, நெருப்பில் சுடவேண்டும். இக்காலத்தில் இப்பணிகளைப் பெரும்பாலும் இறைச்சிக் கடைக்காரரே முடித்துத் தருகின்றனர்.

உப்பிடாமல் கொதிக்கவைத்தால் பொதுவாக அவ்விறைச்சியும் பானையும் விலக்கப்பட்டவையாகும். சுகாதாரமே நோக்கமாயின், கொதிக்கவைத்தல் எவ்வாறு குற்றமாகும்? உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அது தேவனுக்கே உரியது என்பதே இங்குள்ள அடிப்படை (லேவி. 17:11-14).

பாத்திரங்களைப் பற்றிய விதியும் இத்தகையதே. எவ்விதம் உட்கொண்டதோ அவ்விதமே வெளிவிடும் என்பது ரபீமாரின் கோட்பாடு. நேரடியாக நெருப்பில் பயன்பட்ட இரும்புக் கம்பியை நெருப்பிலே பழுக்கக் காய்ச்சவேண்டும். கொதிநீரில் பயன்பட்ட உலோகப் பானையைக் கொதிநீரில் அமிழ்த்தவேண்டும். எண்ணாகமம் 31:23 இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மண்பானையோ தான் உட்கொண்டதை முற்றும் விடாது, உடைப்பதே வழி (லேவி. 6:28). பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வைத்திருப்பதும் இதனாலேயே. மாற்கு 7:4இல் வரும் பாத்திரக் கழுவுதலை இதனோடு குழப்பலாகாது. அது தீட்டைப் பற்றியது.

இனி அப்போஸ்தலர் 15:20ஐ வாசிப்போம். விருத்தசேதனத்தைச் சுமத்த மறுத்த எருசலேம் சங்கம், இரத்தத்தையும் நெருக்குண்டு செத்ததையும் விலக்கும்படி புறஜாதி விசுவாசிகளைக் கேட்டது. சுகாதார விளக்கத்தின்படி இது பொருளற்ற மிச்சமாகவே தோன்றும். ஆனால் ஒரே பந்தியில் அமரவேண்டிய யூத சகோதரனுக்கு அந்தப் பானைக்குள் இருந்தது ஓர் உயிர். அடுத்த வசனமே, மோசேயின் ஆகமம் பட்டணந்தோறும் ஓய்வுநாளில் வாசிக்கப்படுவதை நினைவூட்டுகிறது.