புதிய காருக்குத் தொழிற்சாலை டயரா, கடை டயரா?

புதிதாகக் கார் வாங்குவோர் அதன் வண்ணத்தையும் இருக்கையின் உறையையும் ஆராயும் அளவுக்கு டயர்களை ஆராய்வதில்லை. ஆயினும் வண்டிக்கும் சாலைக்கும் இடையே உள்ள தொடர்பு நான்கு டயர்களின் அடிப்பரப்பு மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒரு மனிதனின் உள்ளங்கை அளவினது. வண்டியைச் செலுத்தும் விசை, திருப்பும் விசை, நிறுத்தும் விசை ஆகிய மூன்றும் இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே செல்ல வேண்டும்.

வாங்கும் வேளையில் எழும் கேள்வி இது: கூடுதல் பணம் செலுத்தி, பெரிய சக்கரமும் அகன்ற டயரும் பொருத்தப்பெற்ற உயர்வகைக் காரைத் தொழிற்சாலையிலிருந்தே பெறுவதா? அன்றி, விலை குறைந்த வகையை வாங்கி, டயர்க் கடையில் வேறு டயர்களை மாட்டிக்கொள்வதா? சுற்றுப்பயணமே அலுவலாகக் கொண்ட களப் பணியாளர்க்கு இக்கேள்வி சொந்தச் செலவைப் பற்றியது மட்டுமன்று. மழைக் காலத்து மலைச்சாலையைப் பற்றியதும் ஆகும். ஆசிரியர்களோ இதனுள் பள்ளிக் கணக்கும் இயற்பியலும் கலந்திருப்பதைக் காண்பார்கள்.

முதலில் டயரின் மேல் பொறித்துள்ள எண்களைப் படிக்கக் கற்றல் வேண்டும். நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி சுசூகி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். (அளவை விளக்கும் பொருட்டே இப்பெயர் கூறப்படுகிறது, பரிந்துரையாகக் கொள்ளலாகாது.) அதன் கீழ்வகைகளுக்கு 165/80 ஆர் 14 என்ற டயரும், மேல்வகைகளுக்கு 185/65 ஆர் 15 என்ற டயரும் பொருத்தப்பட்டன. முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டுவது. இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் ஏற்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் புனைகின்றனர். இங்கு இதனை 'உயர விகிதம்' என்போம். 'ஆர்' என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். உள்ளிருக்கும் நூலிழைகள் குறுக்குமறுக்காக அன்றி, ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேராக ஓடும் அமைப்பு இது. பிரான்ஸின் மிஷலன் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை கோரியது. இறுதி எண் ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் நிற்கிறது. ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவீதமும் அங்குலமும் அமர்ந்திருக்கும் விந்தையை வேறெங்கும் காண்பது அரிது.

இவற்றை அடுத்துச் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் வரும். 85 என்றால் அந்த டயர் 515 கிலோகிராம் தாங்கும். 88 என்றால் 560 கிலோகிராம். 'எஸ்' மணிக்கு 180 கிலோமீட்டரையும், 'டி' 190-ஐயும், 'எச்' 210-ஐயும் குறிக்கும். அவ்வளவு வேகத்தில் எவரும் செல்லப்போவதில்லை என்று கருதி வேகக் குறியீட்டைப் புறக்கணிப்போர் உண்டு. உஷ்ணத்தைத் தாங்கும் வலிமையையே அந்த எழுத்து மறைமுகமாகச் சொல்கிறது. கோடையில் ஜோத்பூர்ச் சாலையில் முழுச் சுமையுடன் செல்லும் காருக்கு அது முக்கியமானது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 165-இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரு சுவர்கள் சேர்ந்து 264. 14 அங்குலம் 355.6 மில்லிமீட்டர். ஆகவே டயரின் முழு விட்டம் 619.6 மில்லிமீட்டர். இவ்வாறே 185/65 ஆர் 15-க்குக் கணக்கிட்டால் 621.5 வரும். வேற்றுமை இரண்டு மில்லிமீட்டரே! சக்கரம் ஓர் அங்குலம் பெரிதாகியும் முழு விட்டம் மாறாதிருப்பது தற்செயலன்று. வேகமானியும் தூரமானியும் சக்கரச் சுழற்சியைக் கொண்டே அளக்கின்றன. பூட்டுப்பிடியைத் தவிர்க்கும் தடை அமைப்பும் அச்சுழற்சியையே கவனிக்கிறது. விட்டம் மாறினால் இவற்றின் கணக்கு பிசகும்.

கடைக்காரர் 195/65 ஆர் 15 டயரைக் கூறினால், அதன் விட்டம் 634.5, ஏறத்தாழ 2 சதவீதம் மிகுதி. வேகமானி காட்டுவதைவிட வண்டி சற்று விரைவாகவே ஓடும். அதே 14 அங்குல ரிம்மில் 185/70 ஆர் 14 மாட்டினால் விட்டம் 614.6, ஒரு சதவீதத்திற்கும் குறைவான வேற்றுமை. விட்டத்தைப் பொறுத்தவரை இது பொருந்தும். எனினும் ரிம்மின் அகலம் அந்த டயருக்கு ஏற்றதா என்பதையும் கேட்டறிய வேண்டும். மாணவர்களுக்கு இதை விளக்க விரும்பும் ஆசிரியர், டயரின் அடியில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, தரையில் தூரத்தை அளக்கச் செய்யலாம். கிடைக்கும் எண் கணக்கிட்ட சுற்றளவைவிடச் சற்றுக் குறையும். ஏன் என்பதை மாணவர்களையே கேட்கலாம்: வண்டியின் பாரத்தால் டயர் நசுங்கியிருக்கிறது.

தொழிற்சாலை டயரே சிறந்தது என்பது ஒரு சாராரின் கருத்து. அதில் உண்மையில்லாமலில்லை. கார் உற்பத்தியாளரும் டயர் உற்பத்தியாளரும் நெடுங்காலம் கூடிச் சோதித்து, வண்டியின் வில்லமைப்புக்கும் திசைதிருப்பிக்கும் இசைவாக டயரைத் தேர்கின்றனர். சில ஐரோப்பியக் கார்களுக்கென ஆக்கப்பெற்ற டயர்களில் தனி அடையாளமே பொறிக்கப்படுகிறது, பி.எம்.டபிள்யூ. வண்டிக்கு நட்சத்திரம், மெர்சிடிஸ் வண்டிக்கு 'எம்.ஓ.' எழுத்துகள்.

ஆனால் உற்பத்தியாளரின் நோக்கமும் உரிமையாளரின் நோக்கமும் முற்றும் ஒன்றல்ல. விற்பனையாகும் கார்கள் அனைத்தின் சராசரி எரிபொருள் செலவுக்கு 2017-18 முதல் இந்தியாவில் வரம்பு உண்டு; 2022-23 முதல் அது மேலும் இறுக்கப்பட்டது. உருளும்போது டயர் நசுங்கி மீளும் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றல் உஷ்ணமாக வீணாகிறது. இந்த உருள் தடையைக் குறைத்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் ஈரச் சாலையைக் கவ்விப் பிடிப்பதற்கும் அதே வகை ஆற்றல் இழப்பே துணைசெய்கிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றும் குறைய முற்படும். ரப்பருடன் சிலிகாவைக் கலக்கும் முறை 1990-களில் பரவியபின் இம்முரண் பெரிதும் தணிந்தது. எனினும் முற்றும் ஒழியவில்லை.

இதில் உரிமையாளருக்கு உள்ள லாப நஷ்டத்தைக் கணக்கிடுவோம். உருள் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் கார் மாதம் 1,000 கிலோமீட்டர் சென்றால், மிச்சம் ஏறக்குறைய ஒரு லிட்டர். மறுபுறம், நனைந்த சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இரு கார்களை எண்ணுக. ஒன்றின் டயர் உராய்வுக் குணகம் 0.7, மற்றதன் குணகம் 0.5 என்று கொள்வோம். ஒரே கணத்தில் தடையை அழுத்தினால் முதற்கார் 36 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது நிற்க 50 மீட்டர் வேண்டும். முதற்கார் நின்ற இடத்தை இரண்டாவது கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 43 கிலோமீட்டர். அவ்விடத்தில் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பார்த்தால், மாதம் ஒரு லிட்டர் பெட்ரோலின் மதிப்பு விளங்கும். இவை கற்பித்துக்கொண்ட குணகங்களே. எந்த இரு டயர்களுக்கும் உரியன அல்ல. தேய்ந்த டயரில் வேற்றுமை இதனினும் மிகுதியாகலாம்.

ஆகவே மேகாலயத்தின் ஷில்லாங், சோஹ்ரா வழிகளிலோ கொங்கணத்திலோ பணிபுரிபவர், அதே அளவில் ஈரப்பிடிப்பு மிக்க கடை டயரைத் தேர்ந்தால் அது வீண் செலவாகாது. நகரத்துள் மட்டும் செல்பவர்க்குத் தொழிற்சாலை டயர் தேயும்வரை போதுமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 2022 ஜூன் மாதத்து அறிவிக்கையின்படி உருள் தடை, ஈரப்பிடிப்பு, உருள் ஒலி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கப்பட்டுள்ளது. குறைந்தபட்சம் என்பது சிறப்பு என்பதாகாது.

அகன்ற டயர் எப்போதும் நன்மை என்பது தவறான எண்ணம். உராய்வு தொடுபரப்பைச் சார்ந்ததன்று எனப் பள்ளியில் கற்பிக்கிறோம். ரப்பர் இவ்விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. ஆதலின் காய்ந்த சாலையில் அகன்ற டயருக்கு ஓரளவு அனுகூலம் உண்டு. தேங்கிய நீரிலோ நிலைமை மாறுகிறது. டயர் முன்னுள்ள நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய நீரும் கூடும். ஒதுக்க இயலாதபோது டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கிறது. திசைதிருப்பியும் தடையும் பயனற்றுப்போகின்றன. உயர விகிதம் குறைந்த டயருக்கு மற்றொரு குறை உண்டு. 132 மில்லிமீட்டர்ச் சுவர் தாங்கும் குழியை 107 மில்லிமீட்டர்ச் சுவர் தாங்காது. ரிம் வளையும், சுவர் வீங்கும். தார் காணாத கிராமச் சாலைகளில் செல்வோர் அழகுக்காக 16 அங்குலச் சக்கரத்தை நாடுவது தகாது.

சட்டத்தையும் நோக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. தேய்ந்த டயருக்கு மாறாக வேறு நிறுவனத்து டயரை மாட்டுவது இதனால் தடைப்படவில்லை. ஆனால் அந்தக் காரின் ஏதேனுமொரு வகைக்கு உற்பத்தியாளரே பொருத்திய அளவுக்குள் நிற்பதே வழக்குக்கும் வில்லங்கத்துக்கும் இடமளிக்காத வழி. தொழிற்சாலை உயர்வகையின் உண்மையான அனுகூலம் இதுவே எனலாம். அதன் பிரதிகூலம், டயருக்காக வேண்டாத பல அலங்காரங்களுக்கும் சேர்த்து விலை கொடுக்க நேர்வது.

கடையில் வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பக்கச் சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமையடையும். புதிய டயர்களைக் கழற்றித் தருவோர் அவற்றுக்குரிய மாற்றுவிலையை முன்னரே பேசிக்கொள்ளல் நலம்; டயர் சில கிலோமீட்டர் ஓடிவிட்டாலே மதிப்பு விழுகிறது. இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவோர், முன்சக்கரம் இழுக்கும் காராயினும், புதியவற்றைப் பின்புறமே பொருத்துக. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க இயலாது. தொழிலாளர் 'பட்டன்' என வழங்கும் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் விதிப்படி பயன்படாது. மழைப் பிரதேசத்தில் அதுவரை காத்திருத்தலும் கூடாது.

உபரிச் சக்கரத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். நான்கையும் மாற்றியபின், பின்பெட்டியில் பழைய அளவிலுள்ள ஐந்தாவது கிடக்கும். உயர்வகைக் கார்களிலும் உபரிச் சக்கரம் சில வேளை சிறியதாகவே தரப்படுகிறது. அதில் பொறித்துள்ள வேக வரம்பைப் படித்து, பழுது பார்க்கும் கடை வரையில் மட்டும் அதனை உபயோகிக்க வேண்டும். அதன் காற்றழுத்தத்தையும் மற்ற நான்குடன் சேர்த்து மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன்னர், பார்த்துவர வேண்டும்.