வாசம் எழுதும் வயது



'நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். சுண்டெலிக்கோ வாசம்தான் கடிதம், வாசம்தான் ஊர்ச்செய்தி. எங்கள் வலப்பனைப் பக்கத்து லயங்களில் இரவெல்லாம் ஓடித்திரியும் இந்தச் சிறு பிராணிக்கு இலக்கிய நிகழ்ச்சியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் 'வயதுக்கு வருதல்' என்று சொல்கிறோமே, அதைப் பற்றி யோசிக்க அது நமக்கு உதவுகிறது.

1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் வாண்டன்பர்க் ஓர் உண்மையை வெளியிட்டார். முதிர்ந்த ஆணின் அருகில் வளர்ந்த இளம் பெண் சுண்டெலிகள் வழக்கத்துக்கு முன்பே பருவமடைந்தன. ஆண் நேரில் இருக்கவும் தேவையில்லை, அதன் சிறுநீர் வாசமே போதும் என்பது பின்னர் தெரியவந்தது. இதற்கு நேரெதிரான செய்தியும் உண்டு. நெருக்கமாக வாழும் பெண் எலிகளின் சிறுநீர் வாசம் இளையவற்றின் பருவத்தைத் தள்ளிப்போடுகிறது. இடம் நெருக்கடியாக இருக்கையில் குட்டி போடாமல் பொறுத்திருப்பது நல்லதுதானே!

இது எப்படி நடக்கிறது? எலியின் மூக்கினுள் 'ஜேக்கப்சன் உறுப்பு' என்று ஒன்று உண்டு. வாசச் செய்தி அதன் வழியாக மூளைக்குள் புகுந்து, ஹைப்போதலமஸ் என்ற பகுதியை எட்டுகிறது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை போகிறது. அச்சுரப்பி சூலகத்தைத் தட்டியெழுப்புகிறது. அயலாரின் வாசம் இவ்வாறு உடலின் பருவமாகிறது.

கூட இருப்பவர்கள் இளம் மூளையைத் திருத்துவதற்கு மதுரையிலும் ஒரு சான்று கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஸ்வநாதனும் சந்திரசேகரனும் வயலெலிகளை ஆராய்ந்து, 1985இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். தாய் வந்துபோகும் ஒழுங்கைக் கொண்டே குட்டிகள் தம் உடற்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன என்பது அவர்கள் கண்டது.

எலிக்குச் சரியானது மனிதருக்கும் சரி என்று நான் சொல்லவரவில்லை. வளர்ந்த மனிதரிடம் ஜேக்கப்சன் உறுப்பின் எச்சம் மட்டுமே உண்டு. நம் பெண்பிள்ளைகள் பருவமெய்தும் வயதில் பரம்பரை, போசாக்கு, உடல்நலம் எனப் பலவும் பங்கு கொள்கின்றன. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். எலிக்குப் பருவம் என்பது குட்டி போடத் தயார் என்ற முடிவு. மனிதப் பிள்ளைக்கு அது ஓர் ஆரம்பம் மாத்திரமே. அவள் மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது.

"பெரியமனுசி ஆயிட்டா, இனி பள்ளிக்கூடம் எதுக்கு?" சடங்கு முடிந்த கையோடு இப்படியொரு பேச்சு எழுவதைத் தோட்டத்துக் காம்பிராக்களில் நான் கேட்டிருக்கிறேன். இந்நாட்டின் பொதுத் திருமணச் சட்டம் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் திருமண வயதைப் 18 ஆக்கியது. உடலின் முதிர்ச்சியும் வாழ்வின் முதிர்ச்சியும் ஒன்றல்ல என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

அயலில் வீசும் வாசத்தைச் சுண்டெலியால் மறுக்க முடியாது. ஆனால் அயலாரின் பேச்சை நம்மால் மறுக்க முடியும். சடங்குக்கு உடுத்திய சேலையை மடித்து வைத்துவிட்டு, மறுவாரமே பிள்ளையின் கையில் புத்தகப் பையைக் கொடுப்போம்.