கப்பல் நீரில் வந்ததா காக்கா ஆழி?

சென்னையை அடுத்த எண்ணூரில் இறால் மீனவர்களுக்கு ஒரு புதிய எதிரி. அதன் பெயர் "காக்கா ஆழி".

தென் அமெரிக்காக் கரையைச் சேர்ந்த கருத்த சிப்பி அது. கொசஸ்தலை ஆற்றின் அடியில் கம்பளம்போல் படர்ந்துவிட்டது. இறால் சேற்றில் புதைய இடமில்லை. கையால் தடவி இறால் பிடிப்போரின் பிழைப்பு கெட்டது.

எப்படி வந்தது?

சரக்கில்லாத கப்பல் தள்ளாடும். ஆகவே எடைக்காகக் கடல் நீரைத் தொட்டிகளில் நிரப்புவார்கள். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை வெளியே விடுவார்கள். அதில் சிப்பிக் குஞ்சுகளும் இருக்கும்! காக்கா ஆழியும் இப்படி வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இதைத் தடுக்க உலக ஒப்பந்தம் ஒன்று 2017-ல் அமலுக்கு வந்தது. நீரைக் கப்பலிலேயே சுத்தம் செய்த பிறகே வெளியே விடவேண்டும் என்பது விதி.

வானூர், மரக்காணம் பகுதியின் கழுவெளியும் கடலோடு கலப்பதே. படர்ந்தபின் அகற்றுவது கடினம். வராமல் காப்பதே வழி!