பண்டாரநாயகாவும் ஒரு கையொப்பமும்

பெரிய காஞ்சிபுரம் ஸ்ரீ காமாக்ஷி அம்மன் ஆலயத்தின் பிராகாரத்தில் முன்னாளில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட புத்தர் சிலை ஒன்று இருந்தது. பிற்பாடு அது சென்னை மியூசியம் போய்ச் சேர்ந்தது. இலங்கைப் பௌத்தர்கள் போற்றும் உரையாசிரியர் புத்தகோஷரும் காஞ்சியில் தங்கியவரே. இவ்வளவு பழைய உறவு இருந்தும், அந்தத் தீவின் சரித்திரத்தைத் திருப்பிவிட்ட ஒரு மனிதரைப் பற்றி நம்மவர் அறிந்தது சொற்பம்.

ஸாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயகா 1899-ம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி பிறந்தார். பெயரின் நடுவில் இருப்பது அவருக்கு ஞானத்தந்தையாக நின்ற வெள்ளைக்காரக் கவர்னரின் பெயர்! தகப்பனார் மகா முதலியார் பதவி வகித்த கிறிஸ்தவப் பிரபு. பிள்ளை ஆக்ஸ்போர்டில் படித்து 1925-ல் தாய்நாடு திரும்பினார், பௌத்தத்தைத் தழுவினார், சுதேசி உடை தரித்தார்.

1926-ல் இவர் சொன்ன யோசனைதான் நமக்கு வியப்பூட்டுவது. சிங்களரும் தமிழரும் ஒருங்கே வாழ வேண்டுமானால், இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றது என்று அப்போது எழுதியவர் இவரே. முப்பது வருஷங்களுக்குப் பின், 1956-ல், சிங்களத்தை மட்டும் அரசாங்க பாஷையாக்குவதாக வாக்களித்துப் பிரதம மந்திரியானவரும் இவரே. அவ்வாண்டு ஜூன் மாதம் சட்டம் நிறைவேறியது. கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் அடிபட்டார்கள்.

ஆயினும் அவரைக் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1957 ஜூலை 26-ந் தேதி ஸ்ரீ செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். பிராந்திய சபைகள், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகத்தில் தமிழுக்கு இடம் ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். எதிர்க்கட்சியார் கூச்சலிட்டனர். 1958 ஏப்ரல் 9-ந் தேதி பிக்ஷுக்கள் அவர் வீட்டு முன்பு வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்று அவர் வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை, எழுதிக் கேட்டார்கள். எழுதியும் கொடுத்தார்! அடுத்த மாதமே தீவெங்கும் கலவரம் மூண்டது. தமிழர் பலர் மாண்டனர். அதற்கப்புறம் வந்த தமிழ் பாஷைச் சட்டம் வெள்ளம் வடிந்தபின் போட்ட அணைதான்.

1959-ல், ஆகஸ்டு மாதத்தில், ஹிந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று பண்டித நேரு டில்லி பார்லிமெண்டில் வாக்குறுதி தந்தார். அது சட்டமாக உறுதிப்படுவதற்குள் 1965-ல் தமிழகமும் தீப்பட்டது. ஆனால் 1967-ல் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு காஞ்சி ஈன்ற அறிஞர் அண்ணாதுரை சென்னையில் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். ஜனங்களின் கோபத்தைக் கண்டு டில்லி சட்டத்தைத் திருத்தியது. ஜனங்களின் கோபத்தைக் கண்டு கொழும்பு ஒப்பந்தத்தைக் கைவிட்டது. எந்த ஜனங்களின் கோபம் என்பதில்தான் வித்தியாசம்.

1959 செப்டம்பர் 25-ந் தேதி காலை, வீட்டுத் தாழ்வாரத்தில் காத்திருந்த சோமராம என்னும் பிக்ஷுவைப் பிரதமர் குனிந்து வணங்கினார். பிக்ஷு துப்பாக்கியால் சுட்டார். சதிக்குச் சூத்திரதாரியோ, 1956 தேர்தலில் அவருக்காகப் பாடுபட்ட களனி விஹாரத்து மகாதேரர் புத்தரக்கித! சுட்டவனிடம் கருணை காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி விடுத்துவிட்டு, மறுநாள் பண்டாரநாயகா கண் மூடினார்.

1960-ல் அவர் மனைவி ஸ்ரீமதி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். 1994-ல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானார். தமிழும் அந்நாட்டின் அரசாங்க பாஷை என்று அரசியல் சட்டத்தில் ஏறியது 1987-ல். அதற்குள் உள்நாட்டு யுத்தம் தொடங்கி நாலு வருஷங்கள் ஆகியிருந்தன.