நீருக்கடியில் நாம் மூச்சுவிடுவது எப்படி?

விடுமுறைக்கு அந்தமானின் சுவராஜ் தீவுக்கோ இலட்சத்தீவுக்கோ செல்லும் பலரும் இப்போது ஸ்கூபா கருவியுடன் கடலுக்குள் இறங்கிப் பார்க்கின்றனர். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் ஆக்சிஜன் இருப்பதாக நம்மில் பலர் எண்ணுவதுண்டு. பொதுவாக அதில் இருப்பது நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றே. அதை வடிகட்டி, ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமோ சுமார் 1 பார்தான்.

அத்தனை அழுத்தத்தை நுரையீரல் தாங்காது. நீண்ட குழாயொன்றை நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டி மூச்சிழுக்கலாமே என்றால், அதுவும் இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் மார்பை அழுத்துவதால் மூச்சிழுப்பது பெரும்பாடாகிவிடும். எனவே, நாம் இருக்கும் ஆழத்தில் நீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில் காற்று வாய்க்கு வந்து சேரவேண்டும். அதைச் செய்வதே ரெகுலேட்டர்.

சிலிண்டரின் வால்வில் பொருத்தப்படும் இதன் முதற்பகுதி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் மட்டுமே மிகுதியாக இருக்கும்படி காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் வெளிப்புறம் கடல்நீர். நாம் மூச்சிழுத்ததும் சவ்வு உட்குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. இழுப்பதை நிறுத்தியதும் வால்வு மூடிக்கொள்கிறது. வெளிவிடும் மூச்சு வேறொரு வழியே குமிழிகளாக வெளியேறுகிறது. பிரான்சில் 1943-இல் இவ்வகைக் கருவியை உருவாக்கியவர்கள் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்டுவதற்காகக் காஞான் அமைத்திருந்த வால்வே இதற்கு அடிப்படையாயிற்று என்பது சுவையான செய்தி.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் சுமார் 1 பார் கூடுகிறது. ஆகவே 10 மீட்டரில் ஒரு மூச்சுக்கு இருமடங்கு காற்று செலவாகும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. இருப்பு கரையும் வேகத்தை அழுத்தமானியில் அடிக்கடி பார்ப்பது அதனால்தான்.

மேலேறும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், நுரையீரலிலுள்ள காற்று இருமடங்காக விரிய முற்படும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘ஆழம் குறைவுதானே’ என்று அலட்சியம் கொள்ளலாகாது. இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து ஏறும்போதுகூட இது நேரக்கூடும். மூச்சை ஒருபோதும் அடக்காமல், இயல்பாக இழுத்து விட்டபடி மெதுவாக மேலேறவேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்னரே கடலில் இறங்கவேண்டும். பயணக் காப்பீடு எடுத்துள்ள வாடிக்கையாளர்கள், ஸ்கூபா நீச்சல் அதில் அடங்குமா என்பதைப் புறப்படும் முன்பே பத்திரத்தில் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.