திருடன் வந்தால் கத்தும் கிளிப்!

துணி காயப் போடும் கிளிப் இருக்கிறதே... அதற்குத் திருடனைக் காட்டிக் கொடுக்கவும் தெரியும் குட்டீஸ்! ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 'பஸ்ஸர்', இரண்டு முழம் ஒயர் வாங்கிக் கொடுங்கள். மற்றதை அது பார்த்துக் கொள்ளும்.

அதைச் செய்யும் முன், இந்தத் திருட்டு அலாரம் பிறந்த கதையை ஒரு எட்டு போய்ப் பார்த்து விட்டு வந்து விடலாமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அகஸ்டஸ் ரசல் போப் என்ற பாதிரியார் இருந்தார். இவர், 1853ம் ஆண்டு ஜூன் 21ம் தேதி, மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எடிசன் தன் மின்விளக்கை எரிய வைத்துக் காட்டியது 1879ல் தான். அதாவது, வீட்டுக்கு விளக்கேற்ற மின்சாரம் வருவதற்கு முன்பே, திருடனைக் காட்டிக் கொடுக்க வந்து விட்டது! எல்லாம் பேட்டரி உபயம்.

போப்பின் யோசனை ரொம்ப எளிது. கதவும், ஜன்னலும் மூடியிருக்கும் வரை மின்சுற்று விட்டுப் போயிருக்கும். எதையாவது திறந்தால், இரண்டு உலோக முனைகள் தொட்டுக் கொள்ளும். உடனே மின்காந்தம் உயிர் பெற்று, சின்ன சுத்தியலை ஆட்டி, மணியைக் 'கணகண'வென்று அடிக்கும். 1857ல் எட்வின் ஹோம்ஸ் என்ற வியாபாரி, இந்த உரிமையை விலைக்கு வாங்கி, நியூயார்க் நகரத்தில் வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்த்தார்.

நம்ம கிளிப்பும் அதே வேலையைத் தான் செய்யப் போகிறது.

கிளிப்பின் வாய்ப்பகுதியில், மேலேயும் கீழேயும் தனித்தனியாக அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். அம்மா சப்பாத்தி சுற்றித் தருவாரே, அதே தாள் தான். ஒவ்வொரு பக்கத்துத் தாளோடும் ஒரு ஒயரை இறுக்கமாகச் சேர்த்து ஒட்டுங்கள். ஒரு ஒயர் பேட்டரியின் மைனஸ் முனைக்குப் போக வேண்டும். இன்னொன்று பஸ்ஸரின் கறுப்பு ஒயருக்கு. பஸ்ஸரின் சிவப்பு ஒயர் பேட்டரியின் பிளஸ் முனைக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில், '9 வோல்ட் பஸ்ஸர்' என்று கேட்டாலே கொடுப்பர்.

கிளிப் மூடியிருந்தால் இப்போது 'கீ...' என்று கத்தும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வாயில் கவ்வக் கொடுங்கள், 'கப்சிப்' ஆகிவிடும். அந்தத் துண்டில் ஓட்டை போட்டு நூல் கட்டி, நூலின் மறு நுனியை கதவில் கட்டுங்கள். கிளிப் கதவு நிலையில் அசையாமல் இருக்க வேண்டும். ஆணி அடிக்கும் வேலையை அப்பாவிடமோ, அண்ணனிடமோ விட்டு விடுங்கள். கதவு உள்பக்கம் திறந்தால் நூல் இழுக்கும், துண்டு விழும், கிளிப் கத்தும். கதவைத் திரும்ப மூடினாலும் நிற்காது! விழுந்த துண்டைத் தேடி எடுத்து, வாயில் செருகினால் தான் அடங்கும்.

இரண்டு எச்சரிக்கை. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் இதைச் செருகவே கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட். நூலை நடைபாதையின் குறுக்கே கட்டாதீர்கள். திருடனுக்கு முன் பாட்டி தடுக்கி விழுந்து விடுவார்.

சரி, உங்கள் கிளிப் இரவு முழுக்கச் சத்தமே போடவில்லை. திருடன் வரவில்லை என்று தானே அர்த்தம்? அவசரப்படாதீர்கள். ஒயரை எலி கடித்திருக்கலாம். பேட்டரி தீர்ந்து போயிருக்கலாம். வந்தவர் ஒயரை நறுக்கென்று வெட்டியும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மவுனம் தான்!

இதைத் தீர்க்க, யோசனையை அப்படியே தலைகீழாகத் திருப்பினர். ஒரு பேட்டரியிலிருந்து கதவு, ஜன்னல் எல்லாம் சுற்றி வரும் காவல் ஒயரில், எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்கும். அது ஒரு மின்காந்தத்துக்கு உயிர் கொடுக்கும். மின்காந்தம் ஓர் இரும்புத் தகட்டைப் பிடித்து வைத்திருக்கும். கதவு திறந்தாலோ, ஒயர் அறுந்தாலோ, அந்தப் பேட்டரியே தீர்ந்தாலோ மின்காந்தத்தின் பிடி விட்டுப் போகும். ஸ்பிரிங் தகட்டை இழுத்து, இரண்டாவது பேட்டரியோடு இணைத்திருக்கும் மணியில் சேர்த்து விடும். அவ்வளவு தான், ஊரே எழுந்து விடும்! இந்த இரண்டாவது பேட்டரியை மட்டும் அடிக்கடி சோதித்துக் கொள்ள வேண்டும். மின்காந்தம் செய்த வேலையை இப்போது பொடிசாக ஒரு டிரான்சிஸ்டரே செய்து விடுகிறது. கடையில் அலாரம் வாங்கும் போது, 'ஒயரை வெட்டினால் கத்துமா?' என்று கேளுங்கள். நல்ல கடைக்காரராக இருந்தால் உங்களை ஒரு மாதிரி பார்த்து விட்டு, மரியாதையாகப் பதில் சொல்வார்.

கடை அலாரத்தில், கதவுக்கு இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்றில் காந்தம். இன்னொன்றில், கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய இரண்டு உலோகத் தகடுகள். காந்தம் பக்கத்தில் இருந்தால் தகடுகள் ஒட்டிக் கொள்ளும். விலகினால் பிரிந்து விடும். இதன் பெயர் 'ரீட் சுவிட்ச்'. 1936ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வால்டர் எல்வுட் கண்டுபிடித்தது. காந்தத்தை கதவிலும், சுவிட்சை நிலையிலும் ஒட்ட வேண்டும். இரும்புக் கதவு என்றால் கவனம். இரும்பு, காந்தத்தின் சக்தியைத் தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். அதற்கென்று தனி வகை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஹாலுக்கு 'பி.ஐ.ஆர்.' சென்சார். நம் உடம்புச் சூட்டில் இருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வந்து கொண்டே இருக்கின்றன. சென்சாரின் முகத்தில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ், அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கும். சூடான ஓர் உருவம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாவினால், பிடித்துக் கொள்ளும். அதனால், ஆள் குறுக்கே நடக்கும் இடத்தைப் பார்த்து, அறை மூலையில் ஏழடி உயரத்தில் மாட்டுவது நல்லது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்பவரை இது காணாது. அந்தக் கதிர்களை கண்ணாடி மறித்து விடும்.

நம்ம ஊரில் இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று கத்திரி வெயில். அறையின் சூடு, உடம்புச் சூட்டை நெருங்கி விட்டால், சென்சாருக்கு வித்தியாசம் தெரியாமல் திணறும். இன்னொன்று பல்லி! லென்ஸ் மேலேயே அது ஊர்ந்தால், திருடன் என்று நினைத்து அலறி விடும். பூனையும் அலற வைக்கும். இப்படி மூன்று ராத்திரி, 'புலி வருது' கதை நடந்தால், நான்காவது ராத்திரி வீட்டில் சுவிட்சை அணைத்து விட்டுத் தூங்கி விடுவர். எனவே, பூனை உள்ள வீட்டுக்கு, என்னைக் கேட்டால், கதவுச் சுவிட்சே போதும்.

கேமரா கதையைச் சொல்லாமல் விட முடியுமா? நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் இருந்தார். அவருக்கும், கணவருக்கும் வேலை நேரம் தாறுமாறு. ராத்திரி வீட்டில் தனியாக இருக்கையில் கதவு தட்டப்பட்டால் பயம். போலீசைக் கூப்பிட்டாலும் வந்து சேர நேரம் ஆகும். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து, 1966ல் ஓர் அமைப்பை உருவாக்கினார். கதவில் நான்கு துளைகள். மேலும் கீழும் நகரும் கேமரா. உயரமானவர் வந்தாலும், குட்டிப் பையன் வந்தாலும் முகம் தெரியும்! படுக்கை அறை டிவியில் பார்த்து, மைக்கில் பேசலாம். தெரிந்தவர் என்றால் பட்டனை அழுத்திக் கதவைத் திறக்கலாம். இல்லை என்றால் இன்னொரு பட்டன், ஆபத்து என்று தகவல் சொல்லும். 1969 டிசம்பர் 2ல் காப்புரிமை கிடைத்தது.

அலாரம் வாங்கினால், கரன்ட் கட்டிலும் வேலை செய்யும் பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ரகசிய எண்ணாக, '1234'ம், உங்கள் பிறந்தநாளும் வேண்டாம். அலாரம் நிஜமாகவே அடித்தால், யார் என்று பார்க்க ஓடக் கூடாது. அறைக் கதவைத் தாழிட்டுக் கொண்டு, பெரியவர்களை எழுப்பி, 100 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை அடிக்க வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு முன் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள். இல்லாவிட்டால், தோசைக் கரண்டியோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார்!