நெரேஷு: முகமூடியும் பொதுக்காடும்

கிராமிய மரபுரிமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆடை, ஆடல், கைவினை என்பவற்றையே பட்டியலிடுவர். அவற்றைப் பேணிநின்ற சமூக உறவுகள் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இந்நோக்கின் போதாமையை ருமேனியாவின் நெரேஷு என்னும் ஊரின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

கார்ப்பதிய மலைத்தொடர் வளைந்து செல்லுமிடத்தில், வ்ரான்ச்சா மாவட்டத்திலே, ஸபாலா ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்த மலையூர் இது. 1927இல் சமூகவியலாளர் டிமித்ரியே குஸ்ரி தலைமையிலான குழு இங்கு கள ஆய்வு நிகழ்த்தியது. அதன் பேறாக, ஹென்றி ஸ்ராஹ்ல் பொறுப்பேற்றுப் பிரெஞ்சு மொழியில் ஆக்கிய மூன்று தொகுதிகள் 1939இல் வெளிவந்தன.

மொல்டாவிய விவசாயிகளுட் பெரும்பாலோர் பிரபுக்களின் நிலங்களிலே கட்டாய உழைப்பு நல்கிய காலத்தும் வ்ரான்ச்சா மக்கள் சுதந்திர விவசாயிகளாகவே நிலைத்தனர். காடும் மேய்ச்சல் நிலமும் 'ஒப்ஷ்தே' எனப்படும் ஊர்ச்சமூகத்தின் பொதுச்சொத்தாக இருந்தன. 1801இல் ஆட்சியாளர் வ்ரான்ச்சா முழுவதையும் யொர்டாகே ரொசெற் என்னும் பிரபுவுக்கு வழங்கியபோது, ஊர்கள் ஒன்றுதிரண்டு வழக்காடின. 1814இல் தீர்ப்பு ஊரவர் பக்கம் அமைந்தது.

இத்தகைய சமூகத்திலேதான் நெரேஷுவின் புகழ்பெற்ற முகமூடிகள் பொருள்பெற்றன. சாவீட்டிலே இரவு விழித்திருப்போர் முற்றத்திலே தீமூட்டுவர். முகமூடி தரித்தோர் அதனைச் சுற்றி ஆடியும் கேலிபேசியும் சிரிப்பூட்டுவர். மரணம் ஒரு குடும்பத்தின் தனித்துயராகவன்றி, ஊரின் பொது நிகழ்வாகக் கொள்ளப்பட்டது. முகமூடியைப் பொதுவுடைமையின் நேரடிப் பிரதிபலிப்பெனக் கூறுவது மிகை எளிமைப்படுத்தலாகும். சாவீட்டு விளையாட்டுக்கள் ருமேனியாவின் பிற பகுதிகளிலும் உண்டு. எனினும், காட்டிலே கூட்டாக உரிமை கொண்டாடியவர்களே துயரையும் கூட்டாகத் தாங்கினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மரக் கம்பனிகள் வ்ரான்ச்சாவினுட் புகுந்தன. உள்ளூர்ப் பிரமுகர்களைத் துணைக்கொண்டு அவை காட்டுரிமைகளைக் கைப்பற்றின. ஆகவே, குஸ்ரி குழுவினர் கண்டது காலத்தால் மாறாத தொன்மைக் கிராமம் அன்று. முதலாளித்துவத்தின் தாக்கத்தாற் சிதைந்துகொண்டிருந்த ஒரு சமூகம். ஸ்ராஹ்லின் சிறப்பு, அச்சிதைவையும் ஆய்வுப்பொருளாக்கியமையே.

முற்போக்காளர் சிந்திக்கவேண்டிய இன்னொரு கட்டமும் உண்டு. 1948இல் காடுகள் யாவும் அரசுடைமையாயின. கம்பனிகளின் ஆதிக்கம் ஒழிந்தது உண்மையே. ஆனால், தம் காட்டைத் தாமே ஆளும் ஊரவரின் அதிகாரமும் அதனோடு ஒழிந்தது. அரசுடைமை வேறு, மக்களின் பொதுவுடைமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. மறுபுறத்தே, முகமூடிகள் விழா மேடைகளிலும் நூதனசாலைகளிலும் இடம்பெற்றன. கலைவடிவம் போற்றப்பட்டது, அதற்கு ஆதாரமான ஊர்ச்சமூகமோ தன் உரிமையை இழந்து நின்றது.

2000ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் காடுகளை ஒப்ஷ்தேக்களுக்கு மீளளிக்க வழிவகுத்தது. ஆயினும், சந்தையின் பிடியிலே மீட்கப்பட்ட இவ்வுரிமையைப் பழைய சமத்துவத்தின் மீள்வரவெனக் கொண்டாடுதல் இயலாது. காட்டின் பயன் யாரைச் சென்றடைகின்றது, முடிவுகளை எடுப்போர் யாவர் என்னும் வினாக்கள் எஞ்சியே நிற்கின்றன.

மரபுரிமையைப் பேணுதல் என்பது பொருள்களைச் சேகரிப்பதோடு முற்றுப்பெறுவதன்று. அவற்றை ஆக்கிய மக்கள் தம் வாழ்வாதாரத்தின்மீது கொண்டிருந்த உரிமையும் மரபுரிமையே. அதனை விலக்கிவிட்டு எழுதப்படும் நாட்டார் வழக்காற்றியல் முகமூடியைக் காட்டும், முகத்தை மறைக்கும்.